கடைசிப் பாட்டுக்கு அப்புறம் மிச்சமிருந்த டேப்

போன வாரம் செல்போனைத் திறந்தால் ஒரே பொன்விழாப் பேச்சு. கல்யாணத்துக்கில்லை, ஒரு ராக் ஆல்பத்துக்கு. இங்கிலாந்துக்காரர்கள் நாலு பேர் போட்ட பாட்டுக்கு அரியலூர்க்காரன் உனக்கென்னடா வந்தது என்று கேட்பீர்கள். அதை வைத்துச் சண்டை போட்டுத்தான் நானும் ஆரோக்கியமும் சிநேகிதர்களானோம்.

ஆரோக்கியம் ஏலாக்குறிச்சிக்காரன். மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன். நான் அப்போது சிமெண்ட் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் அரைகுறை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கேசட், அதிலும் பாட்டில் பாதி புரியாது. அதற்காக அபிப்பிராயம் சொல்லாமல் இருக்க முடியுமா?

அந்த ஆல்பத்தின் ரசிகர்களுக்கென்று வாட்ஸப்பில் ஒரு குழு. எல்லாம் சென்னை, பெங்களூர் ஆட்கள். ஆரோக்கியத்தை அதில் சேர்த்துவிட்டது நான்தான். அந்தக் காலத்து விமர்சகர்கள் முடிவு மட்டும் சப்பென்று இருக்கிறதென்று எழுதியதை ஒருவர் எடுத்துப் போட்டார். ஆரோக்கியத்துக்குப் பொறுக்கவில்லை. குரலிலேயே பதில் அனுப்பினான்.

"சார், கடைசியில மவுத் ஆர்கன் ஒண்ணு வருதே, அதைக் கேக்காமலே எழுதிட்டானுவளா? ஆல்பத்தோட உசுரே அதுலதானே இருக்கு!"

அப்படி ஒரு பாட்டே அதில் கிடையாது என்று குழுவே சிரித்தது. நானும் கேட்டிருக்கிறேன் என்று எழுதினேன். என்னையும் சேர்த்துச் சிரித்தார்கள். 'ஏலாக்குறிச்சி ஸ்பெஷல் எடிஷன்' என்றார் ஒருவர். ஆரோக்கியம் குழுவை விட்டுப் போய்விட்டான். என் போனையும் எடுக்கவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் அவன் கிட்டாரில் வாசிப்பது அந்த மவுத் ஆர்கன் மெட்டைத்தான். அதுவே பொய்யென்றால் அவன் எந்த முகத்தோடு கிட்டாரைத் தொடுவான்?

மறுநாள் என் பழைய காரை எடுத்துக்கொண்டு ஏலாக்குறிச்சிக்குப் போனேன். மானம் போகிறது, விற்றுத் தொலையுங்கள் என்று பிள்ளைகள் திட்டும் கார். ஆனால் டேப் பாடும்.

"கேசட்டை எடுடா."

"எதுக்கு, நீயும் சிரிக்கவா?"

முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தான். பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், அத்தரும் பற்றவைத்த ஈயமும் கலந்த மாதிரி. மனப்பிரமையாகவும் இருக்கலாம். எனக்கு உடனே பாய் கடை ஞாபகம் வந்துவிட்டது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாயின் ரேடியோ ரிப்பேர், ரெக்கார்டிங் கடை. காலிக் கேசட்டைக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து தருவார். கடைசியில் டேப் மிஞ்சினால் சும்மா விடமாட்டார். "காலி டேப்பக் குடுத்தா அல்லா கேப்பாம்ப்பா" என்று ஏதாவது சினிமாப் பாட்டை நிரப்பிவிடுவார். எங்கள் கேசட்டில் அப்படி எந்த ஒட்டும் இல்லை. ஆல்பம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்று நினைத்தோம். அந்த இங்கிலாந்துக்காரர்கள் பாட்டுக்கு நடுவே கதவுச் சத்தம், மழைச் சத்தமெல்லாம் வைப்பவர்கள். அதனால் மவுத் ஆர்கனுக்குப் பின்னால் தூரத்தில் விசில் கேட்டபோதும் சந்தேகம் வரவில்லை.

"லண்டன்ல ஏதுடா கண்டக்டர் விசில்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏன், அங்க பஸ்ஸு ஓடாதா?"

கடைக்குப் போகும்போதெல்லாம் பாய் மட்டும் மறக்காமல் கேட்பார். "கடைசிப் பாட்டு எப்பிடிப்பா?" "அதான் பாய் டாப்பு" என்போம். அன்றைக்கு டீ அவர் செலவு.

காரில் கேசட்டைப் போட்டோம். டேப் கொஞ்சம் இழுத்தது. மவுத் ஆர்கன் வந்தது, விசிலும் வந்தது. அந்தக் காலத்தில் பாட்டு ஓய்ந்ததுமே பேட்டரி மிச்சமாகட்டும் என்று நிறுத்திவிடுவோம். காரில் இரண்டு பேருக்கும் நிறுத்தக் கை போகவில்லை. வெறும் இரைச்சல் ஓடியது. பிறகு ஓர் இருமல். பிறகு ஒரு குரல்:

"யப்பா, டீ ஆறிப்போச்சா?"

ஆரோக்கியம் என்னைப் பார்த்தான். "அடப்பாவி பாய்!" என்று சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். "ஒவ்வொரு தடவையும் கேட்டாரேடா. ஒரு வார்த்தை சொல்லல பாரு."

"குழுவுல போட்டுடலாமா? அவனுங்க வாய் அடையும்."

"வேணாம். கிறிஸ்துமஸுக்கு வா. யாரு பாட்டுன்னு சொல்லிட்டே வாசிக்கிறேன்."

பாய் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். செல்போனில் ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. மிஞ்சுவதற்கு டேப் இல்லை. அதில் தன் பாட்டை வைத்துவிட்டு, எப்பிடிப்பா என்று கேட்க ஆளும் இல்லை.