சாஸரில் கிடந்த பஞ்சு

அன்று அந்த ஹாலில் இருந்தது நாலு பேர். படங்கள் சேர்க்கும் முதலாளி, அவர் சென்னையிலிருந்து வரவழைத்த நிபுணர், ஊட்டி காந்தலில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் தைலக்கடை பாய், அப்புறம் நான். இல்லாதது ஒரே ஒரு ஆள், பாயின் மனைவி, பாயம்மா. இருபத்தைந்து வருஷமாக அந்தப் படத்தைத் துடைத்துப் பாதுகாத்தது அவர்தான். "பெரிய மனுசங்க பேசற எடத்துல உனக்கென்ன வேலை" என்று பாய் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் வந்திருந்தால் இதையெல்லாம் நான் எழுத வேண்டி வந்திருக்காது.

இடம் பெர்ன்ஹில்லில் ஒரு பழைய பங்களா. தேயிலை வியாபாரத்தில் சம்பாதித்த முதலாளி அதை வாங்கி, பழைய ஓவியங்களாக வாங்கி நிரப்பி, சீக்கிரம் மியூசியமாகத் திறக்கப் போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே கலெக்‌ஷன் அசிஸ்டென்ட் வேலை. பேர்தான் பெரிது. வேலை பூஞ்சை துடைப்பது. ஊட்டியில் ஒரு மழைக்காலம் போனால் படத்தின் மேல் வெள்ளையாகப் பூக்கும், பிறகு பச்சையாகும், நனைந்த நாயின் வாடை வரும். சட்டத்தைக் கழற்றி, போட்டோ எடுத்து, எங்கே விரிசல், எங்கே கறை, முன்னால் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று மூன்று பக்க அறிக்கை எழுதி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் பேர் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் கேரட் மூட்டை தூக்குகிறார். காலேஜில் வரலாறு படித்து, அதற்கு மேல் ஒரு வருஷம் மியூசியம் டிப்ளமோவும் முடித்தேன். அச்சடித்த அறிக்கைக்குக் கீழே என் பேர் விழுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. முதல் அறிக்கையின் ஜெராக்ஸை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்குது" என்றார்.

படத்தைக் கண்டுபிடித்ததும் நான்தான். பாயின் வீட்டு முன்னறையில், காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. பலகையில் வரைந்த எண்ணெய் வண்ணம், கண்ணாடி போட்ட சட்டம், பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். ஏதோ ஒரு துரை ஊரைவிட்டுப் போனபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். பாயின் அத்தா, அதாவது அப்பா, பீரோ ஒன்றை ஏலம் எடுத்தார், பீரோவுக்குள் இந்தப் படம் கிடந்தது. பைக்காரா ஆறு, அணை வருவதற்கு முந்தைய ஆறு, புல்மேட்டுக்கு நடுவே வளைந்து போகிறது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, பைக்காராவில் படகுச் சவாரி பார்த்த பழக்கத்தில், "இதுல போட்டு எங்கீங்க பாய்?" என்று கேட்போம். அவர், "போட்டு சாப்பிடப் போயிருக்குது" என்பார். டிப்ளமோ முடித்த பிறகு ஒருநாள் கிட்டப் போய்ப் பார்த்தேன். வலது மூலையில், அழுக்குக்கு அடியில், இரண்டு எழுத்தில் ஒரு கையொப்பம் இருந்தது. முதலாளியிடம் இருந்த ஒரு விலையுயர்ந்த படத்தில் அதே இரண்டு எழுத்து, அதே சாய்வு.

பாய்க்கு அப்போது பணம் அவசரம். முந்தைய மழையில் அவர் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்து, சமையலறை ஜன்னல் வரை சேறு வந்து நின்றது. அடுத்த மழைக்குள் தடுப்புச் சுவர் எழுப்பியாக வேண்டும். கல்லுக் கட்டடமாகக் கட்ட மூன்றரை லட்சம் ஆகும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். படத்தை விற்றால் சுவர் கட்டிவிடலாம் என்று சொன்னது நான். அதோடு நிற்கவில்லை. பாவம், மழைக்குள் சுவர் கட்ட வேண்டும் என்று முதலாளியிடமும் சொல்லிவைத்தேன். அவசரம் தெரிந்தால் நல்ல விலையாகக் கொடுப்பார் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

நிபுணர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், பாய் கொண்டுவந்து கொடுத்த படத்தைச் சட்டத்திலிருந்து நான் பிரித்தேன். பின்பக்கம் ஒட்டியிருந்த காக்கித்தாள் வெள்ளைக்காரன் காலத்துத் தாள், பழுத்து, தொட்டால் நொறுங்கியது. ஆணிகள் துருப்பிடித்து மரத்தோடு மரமாகியிருந்தன. ஒட்டிய நாளிலிருந்து யாரும் அதைத் திறக்கவில்லை. திறக்காமல் கண்ணாடிக்கு உள்ளே கை போகாது. இது எனக்குத் தெரியும். மற்ற மூன்று பேருக்கும் முன்னால் தெரியும்.

நிபுணர் பத்து மணிக்கு வந்தார். டீயும் பிஸ்கட்டும் வந்தன. பாய் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் பரிசாக ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலத்தோடு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். நிபுணர் படத்தை விளக்கடியில் வைத்தார், ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றினார், வாயில் வைத்து நன்றாகச் சப்பினார், ஆற்றின் ஓரத்தில் உருட்டினார்.

பாய் எழுந்தே விட்டார். "சார், அது எச்சிலுங்களா?"

"எச்சில்தான் பெஸ்ட், பாய். உலகம் பூரா பெரிய மியூசியத்துல எல்லாம் இதுதான்."

அது உண்மைதான். நானும் அப்படித்தான் துடைக்கிறேன். எச்சில் அழுக்கை மெதுவாக எடுக்கும், வண்ணத்தைத் தொடாது. சாயங்காலத்துக்குள் வாய் வறண்டுபோகும். அதில் எனக்கு அருவருப்பு கிடையாது. ஆனால் துடைத்த இடத்தைச் சுத்தத் தண்ணீரில் ஒற்றி எடுக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை. ஈரப் பஞ்சைப் பாயின் சாஸரில், பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் அதைப் பார்த்தேன். பஞ்சு டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. கண்ணாடி போடுவதற்கு முன்பே படிந்த, நூறு வருஷத்து அழுக்கு. துடைத்த இடத்தில் படத்து ஆற்றுத் தண்ணீர் வெள்ளி மாதிரி மின்னியது. நிபுணர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி ஜன்னலைப் பார்த்தார்.

பேசியது பாய்தான். நாற்பது வருஷம் கடையில் உட்கார்ந்தவர், சும்மா இருக்க அவரால் முடியாது. படத்தின் மதிப்பை ஏற்றுவதாக நினைத்துக்கொண்டு தன் சரக்கின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார்.

"பூஞ்சைங்கற பேச்சே கெடையாதுங்க சார். மழைக்கு முந்தி ஒருக்கா, பெருநாளைக்கு ஒருக்கா, வருசம் ரெண்டு தடவ நம்ம தைலத்தப் போட்டுப் படத்தத் தொடச்சுருவோம். நம்முளுது கலப்படமில்லாத சரக்கு. இந்தாங்க, மோந்து பாருங்க."

நிபுணர் நாற்காலியில் சாய்ந்தார். "தைலமா? படத்து மேலயா?"

"ஆமாங்க! இருவத்தஞ்சு வருசமா!"

"போச்சு. தைலம் பழைய வார்னிஷக் கரைச்சிரும், பாய். ஒரிஜினல் மேல்பூச்சே போயிருச்சு. இனி இது யார் வரைஞ்சதுன்னு எவனும் சர்ட்டிஃபிகேட் தர மாட்டான்."

பாயின் முகம் அப்படியே நின்றுவிட்டது. கையில் திறந்த பாட்டில். ஹால் முழுக்கத் தைல வாசனை.

நான் வாயைத் திறந்தேன். "சார், பின்னாடி தாள் பிரிக்கவே இல்ல சார். ஆணியெல்லாம்..."

"தம்பி இதுவரைக்கும் எத்தன படம் பாத்திருக்கீங்க?"

"முப்பது இருக்கும் சார்."

"நான் மூவாயிரம் பாத்திருக்கேன். ஓனர் வாயாலயே சொல்றாரு. எழுதிக்கோங்க."

தைலம் போட்டிருந்தால் அந்த அழுக்கு எப்படி மிஞ்சும்? பஞ்சு சாஸரில் கிடக்கிறது, கையை நீட்டி அதைக் காட்டினால் போதும். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, நிரந்தரம் பண்ணலாம் என்று முதலாளி முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். எழுதினேன். 'வருடம் இருமுறை தைலம் கொண்டு துடைக்கப்பட்டதாக உரிமையாளர் தெரிவித்தார்.' தெரிவித்தார் என்று எழுதிவிட்டால் பொய்யாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிபுணர் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் போடுவதில்லை, வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பேனா என் கையில்தான் இருந்தது.

முதலாளி ரொம்ப அன்பாகப் பேசினார். "உங்க கஷ்டம் தெரியுங்க பாய். சுவர் கட்டணுமாம், தம்பி சொன்னான். அலங்காரப் படம்னு வச்சு நாப்பதாயிரம் தர்றேன். எனக்கு இது நஷ்டம்தான். இருக்கட்டும்."

பாய் வாங்கிக்கொண்டார். வந்த இடத்தில் மரியாதை கெடக்கூடாது என்று, அந்தச் சாஸரில் இருந்த கப்பை எடுத்து டீயையும் குடித்துவிட்டு எழுந்தார். தைலப் பாட்டிலை மறக்காமல் மேஜை மேல் வைத்தார். அவர் படியிறங்குவதற்குள் முதலாளி அதைத் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பாயோடு அவர் வீட்டுக்குப் போனேன். படம் இருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. நடந்ததைப் பாய் சொல்லச் சொல்ல, பாயம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றார்.

"தைலத்தப் படத்து மேலயா போட்டேன்? யார் சொன்னா?"

"நாந்தான் சொன்னேன். நீதான வருசா வருசம் பாட்டில வாங்கீட்டு வந்து..."

"கண்ணாடியத் தொடச்சேன்! சட்டத்தத் தொடச்சேன்! உள்ளாற எப்படிங்க கை போகும்? ஆணி அடிச்சிருக்குது. இருவத்தஞ்சு வருசத்துல ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்திருக்கீங்களா, ஊட்டுல என்ன நடக்குதுன்னு?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். பாயம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அங்கதான இருந்தீங்க தம்பி? நீங்கதான பிரிச்சீங்க?"

"ஆமாங்க."

"ஆணிய நீங்க பாக்கலையா?"

அவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். அதைக் குடிக்காமல் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

என்னை நிரந்தரம் பண்ணினார்கள். நான் உடனே ராஜினாமா செய்யவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டு மாதம் கழித்து, வெளியூர்க் கண்காட்சிக்கு அனுப்பப் படங்களைப் பெட்டியில் கட்டும் வேலை வந்தது. ஒவ்வொரு பெட்டியோடும் இன்சூரன்ஸ் தாள் போக வேண்டும். பைக்காரா ஆற்றுக்கான தாளில் அந்த இரண்டு எழுத்துக்குரிய வெள்ளைக்கார ஓவியரின் முழுப் பேர் இருந்தது, மதிப்பு இருபத்திரண்டு லட்சம் என்று இருந்தது. கூடவே என் அறிக்கை. முதல் பக்கமும் மூன்றாம் பக்கமும் நான் எழுதியவை. தைலத்தைப் பற்றி நான் எழுதிய நடுப் பக்கத்துக்குப் பதில் புதுசு ஒன்று. 'கண்ணாடிக்கு உட்புறம் எக்காலத்திலும் திறக்கப்படவில்லை. மூல மேல்பூச்சு முழுமையாக உள்ளது.' நான் சொல்ல வாயெடுத்த அதே விஷயம், என் நடையை விட நல்ல நடையில். மூன்றாம் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து, முதல் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டது.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "தப்பா எதுவும் எழுதலையேப்பா. உண்மையத்தான எழுதியிருக்கு?" என்றார். உண்மையைத்தான் எழுதியிருந்தது. நான் எழுதியதுதான் பொய். பொய்யை வைத்து வாங்கினார்கள், உண்மையை வைத்து விலை போட்டார்கள், இரண்டுக்கும் என் கையெழுத்தே போதுமானதாக இருந்தது. அன்றே வேலையை விட்டேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வியர்வை ஊறிய சட்டையைக் கழற்றுவது மாதிரிதான் இருந்தது.

கடைக்குப் போய்ப் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்சூரன்ஸ் தாளைப் போனில் படம் பிடித்திருந்தேன், அதையும் காட்டினேன். கேஸ் போடலாம், நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். அவர் பாட்டில்களில் லேபிள் ஒட்டிக்கொண்டே கேட்டார்.

"வித்தது வித்ததுதான் தம்பி. கடைக்காரன் வித்த சரக்கத் திருப்பிக் கேட்டுப் போனா பஜார்ல சிரிப்பாங்க."

"ஏமாத்தியிருக்காங்க பாய்."

"என் வாயில வந்ததுதான? அவங்க ஒரு வார்த்தை பொய் சொல்லலியே." ஒரு லேபிள் கோணலாக ஒட்டிவிட்டது. அதை உரித்தார். "ஊட்ல சொல்லீராதீங்க. அந்த இருவத்திரண்ட மட்டும் சொல்லீராதீங்க."

நாற்பதாயிரத்துக்குக் கல்லுக் கட்டடம் வராது. மேஸ்திரி அந்தப் பணத்துக்கு ஹாலோ பிளாக் வைத்து இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பி, மேலே சிமெண்ட் பூசிக் கொடுத்தார். பார்க்க அழகாக இருந்தது. ஆடி மாதம் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் விடியற்காலை மேட்டு மண் சுவரைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் இறங்கியது. பாயம்மா பால் வாங்கத் தெருவுக்குப் போயிருந்தார், அதனால் உயிர் தப்பினார். சமையலறை போனது, பக்கத்தில் தைல டின்கள் வைத்திருந்த அறையும் போனது. நானும் அப்பாவும் தெருக்காரர்களும் இரண்டு நாள் சேறு வாரினோம். சேறு முழுக்கத் தைலம் மணத்தது. அந்த வாசனை வந்தாலே எனக்கு இன்னும் அந்தச் சாஸர்தான் கண்ணில் நிற்கிறது, பிஸ்கட்டைத் தொட்டுக்கொண்டு ஈரமாகக் கிடந்த பஞ்சு.

பாயம்மாவின் வளையலும் பாயின் வண்டியும் போய், இந்த முறை கல்லிலேயே கட்டினார்கள். போன வாரம் வேலை முடிந்தது என்று பார்க்கப் போனேன். பாய் புதுச் சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். அவர் சுவரில் வழிந்திருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினார். பாயம்மாதான் புதுச் சமையலறைக்குள்ளிருந்து, என்னைப் பார்க்காமல், பதில் சொன்னார்.

"சுவரு, சமையக்கட்டு, போன சரக்கு எல்லாஞ் சேத்து ஏழு லட்சத்து அறுபதாயிரம் தம்பி."