பிழையில்லை என்று மூன்று நட்சத்திரம்

யாழ்ப்பாணத்தில், மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் கேதீஸ்வரி சோற்றுக்கடை வைத்திருக்கிறாள். சமைப்பதும் அவள்தான், பரிமாறுவதும் அவள்தான். விடியப் படகில் வந்த மீன் மத்தியானம் அவள் சட்டியில் கொதிக்கும். பழங்குழம்பைச் சூடாக்கி விற்ற பாவம் அவள் தலையில் இல்லை.

கடலில் மீன் குறைய, கடைக்கு வரும் தொழிலாளிகளும் குறைந்தார்கள். மூடிவிடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெயதீபன் வந்தான். வெளிநாட்டுக்காரரை வான் வண்டியில் ஏற்றி ஊர் காட்டுகிறவன். சாப்பிட்டான், விரலைச் சூப்பினான், பிறகு போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இணையத்தில் கடைக்கு ஒரேயொரு விமர்சனம், ஒற்றை நட்சத்திரம். யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை வந்து, சைவச் சாப்பாட்டைக் கண்டு, கடற்கரையில் மீன் இல்லாத கடை என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். நாலு நட்சத்திரமாவது இல்லாத கடையில் ஆட்களை இறக்க முடியாதாம். தன் நாக்கை நம்பாமல் போனை நம்புகிற இந்தப் பிறவிகளை என்ன செய்வது?

கேதீஸ்வரி வெட்கத்தை விட்டு வாடிக்கைக்காரரிடம் கேட்டாள். ஒருவர்கூட ஏமாற்றவில்லை. ஆளுக்கு மூன்று நட்சத்திரம் குத்தி, கீழே 'பிழையில்லை' என்றும் எழுதினார்கள்.

நம்மாட்களுக்கு அதற்குமேல் புகழ வாய் வராது. கலியாணச் சாப்பாடு பிழையில்லை, மாப்பிள்ளை பிழையில்லை, மகன் டொக்டராகிவிட்டான் என்றாலும் பிழையில்லை. எங்கோ குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு அந்த இணையத்தளத்தை நடத்துகிறவனுக்கு இது எங்கே விளங்கப்போகிறது? கூட்டிப் பிரித்து, கேதீஸ்வரியின் சமையல் நடுத்தரம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

படகு எஞ்சின் திருத்தும் தம்பிஐயாவுக்குப் பல வருஷமாக மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அவரிடம் அவள் பொரிந்து தள்ளினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"பிழையில்லை எண்டுதானே பிள்ளை போட்டனான்? அதுக்கு மேலை ஒரு மனுசன் என்னத்தைச் சொல்லுறது? அஞ்சும் போட்டால் நாவூறு கண்ணூறு பட்டிடுமல்லோ."

அன்றைக்கே கனடாவில் இருக்கும் தமக்கை மகன் பிரவீணனிடம் போனில் அழுதாள். அவன் சிரித்துவிட்டு, தன் கூட்டாளிகள், அவர்களுடைய மனைவிமார் என்று ஒரு பட்டாளத்தையே இறக்கினான். ஐந்து ஐந்தாக வந்து விழுந்தன. மயிலிட்டி எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாதவர்கள் அவளுடைய குழம்பின் வாசத்தை வர்ணித்தார்கள். ஒருத்தி, கேதீஸ்வரி ஒருநாளும் பொரிக்காத கணவாய் மீனைப் பாராட்டியிருந்தாள். தளம் அவ்வளவையும் மறுபேச்சின்றி விழுங்கியது. வாடிக்கையாளரின் குரலாம், மண்ணாங்கட்டி!

ஜெயதீபன் வானோடு வந்தான். கடை பிழைத்தது. வந்தவர்கள் உறைப்பு என்றார்கள், மிளகாய்த்தூளைக் குறைத்தாள். கணவாய் எங்கே என்றார்கள், வாங்கிப் பொரித்தாள். இப்போது வெள்ளிக்கிழமையிலும் மீன் காய்ச்சுகிறாள்.

ஒருநாள் வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டு தம்பிஐயா வந்தார். உட்கார ஒரு கதிரைகூட மிச்சமில்லை. கேதீஸ்வரி வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணை, வான் ஆக்கள் இருக்கினம். நீங்கள் பிறகு வாங்கோவன்."

"ஓம் பிள்ளை" என்றுவிட்டு அவர் பசியோடு திரும்பி நடந்தார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் கூப்பிடவில்லை. உள்ளே யாரோ தண்ணீர் கேட்டார்கள். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு ஓடினாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு நட்சத்திரம் குறைப்பார்கள்.