பாதித் திடலில் நின்ற காடி

என் கணவருக்கு ரிமோட் காடி வாங்கித் தந்தவள் நான். முப்பத்தைந்து வயது ஆளுக்குப் பொம்மைக் காரா என்று தோட்டத்து லயமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்தராவது ஒரு நாள் முழுக்க என் வீட்டில் இருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்கா மாநிலத்தில் ரெம்பியாவுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அவர் டிராக்டர் ஓட்டினார். ஒரு மழை நாளில் குலை ஏற்றிய டிராக்டர் சரிவில் புரண்டது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே எதுவும் தப்பவில்லை. விபத்துக்கு முந்திய ஆயுத பூசை அன்று அவருடைய டிராக்டர் பட்டறையில் பிரித்துப் போட்டுக் கிடந்ததால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. அதுதான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். வேறு எதை நம்புவது?

அதற்குப் பிறகு அவர் வாசலில் நாற்காலியில், நான் வாசலுக்கு உள்ளே. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவார். தண்ணீர் கொண்டா, காத்தாடியைத் திருப்பு, முதுகு சொறி, ஒன்றுமில்லை சும்மாதான் கூப்பிட்டேன். எதிரே திடல், திடலுக்கு அந்தப் பக்கம் பெரிய ரோடு, மற்ற மூன்று பக்கமும் செம்பனை. குளிக்கும்போதுகூட என் காது வாசலில்தான் இருக்கும். அவர்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் சில மத்தியானங்களில் அடுப்படிச் சுவரைப் பார்த்தபடி, கத்திவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அப்போதுதான் மலாக்காவில் ஒரு ஃபேக்டரியில் எனக்கு வேலை கிடைத்தது. தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போக ரோட்டுக்கே பஸ் வரும். மத்தியானம் சோறு போட்டுக் கவனித்துக்கொள்ள அடுத்த வீட்டு அக்கா சம்மதித்துவிட்டார். இவர்தான் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் தானாக வாயைத் திறந்தார்.

"போறதுன்னா போ. ஆனா விடிஞ்சதுலேருந்து பொழுது சாயுற வரைக்கும் நான் என்னத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்? எனக்கு ஓட்டுறதுக்கு ஒண்ணு வேணும். ரிமோட் காடி இருக்குல்ல, அது ஒண்ணு வாங்கிக் குடு."

நான் சிரிக்கவில்லை. காடி வந்தால் நான் வெளியே போகலாம். என் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

டிராக்டர்காரர் அல்லவா, ஒரு பொம்மைக்கே ஆயிரம் நிபந்தனை. "சின்னது வாங்கிறாத, புல்லுக்குள்ள முங்கிப் போயிரும். பெருசும் வேணாம், பேட்டரியக் குடிச்சிரும். நடுத்தரமாப் பாரு. டயரு பல்லு பல்லா இருக்கணும், வழவழன்னு இருந்தா நின்ன எடத்துலயே சுத்தும். அடிவயிறு புல்லுல மாட்டக் கூடாது."

"அடிவயித்த நான் என்னத்த வச்சு அளக்குறது?" என்று எரிந்து விழுந்தேன்.

"திடல்ல நல்லா வளந்த புல்லு ஒண்ணப் புடுங்கிக் கைப்பையில வச்சிக்க."

அப்படியே ஒரு புல்லைப் பிடுங்கிக்கொண்டு மலாக்கா டவுனுக்குப் பஸ் ஏறினேன். பெட்டி, குடை, விளையாட்டுச் சாமான் எல்லாம் விற்கும் தமிழ் முஸ்லிம் நானா ஒருவர் கடை. நான் புல்லை எடுத்து மேசைமேல் வைத்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, காடி வாங்க வந்தீங்களா, மாடு வாங்க வந்தீங்களா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அதன் பிறகு அவர் கேலி செய்யவில்லை. ஒவ்வொரு காடியாக எடுத்து வைத்து, புல்லைப் பக்கத்தில் அவரே நிறுத்திப் பிடித்தார். உள்ளங்கையளவு காடிக்குப் புல் கூரைக்கு மேலே நின்றது. கைக்குழந்தை அளவு இருந்த பெரியதைத் தூக்கிப் பார்த்தபோதே என் தோள் இறங்கியது. நடுத்தரத்தில் இரண்டு இருந்தன. சிவப்பு ஒன்று, ரேஸ் காடி மாதிரி பளபளவென்று, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இன்னொன்று சேற்று நிறம். பார்க்கச் சகிக்காது, ஆனால் டயரில் பல் இருந்தது, புல்லின் நுனி அடிவயிற்றில் லேசாக உரசி வளைந்து மறுபக்கம் நிமிர்ந்தது.

"செவப்புதாம்மா எல்லாரும் கேக்குறாங்க."

"அழகு எனக்கு எதுக்கு நானா? புல்லுல ஏறணும்லா."

"அப்போ இதக் கொண்டு போங்க. திடலோட அந்தக் கோடிக்குப் போனாலும் ரிமோட் சொன்னதக் கேக்கும்."

கேட்டது. மறுநாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்தபடி ரோட்டோரம் இருந்த பந்தாட்டக் கோல் கம்பம் வரைக்கும் ஓட்டி, வளைத்து, திரும்பக் கொண்டுவந்து என் காலடியில் நிறுத்தினார். "கிளட்ச்தான் இல்ல," என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார். நான் உள்ளே போய் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

வேலைக்குப் போகும் முதல் நாளுக்கு முந்திய சாயங்காலம் காடிக்குப் பூசை போட்டேன்.

"பொம்மைக்குப் பூசையா? விடுலா," என்றார்.

"ஒரு தடவ வைக்காமப் பட்டது போதும்."

சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். அந்தக் காடிக்கு நசுக்கக் கனம் போதவில்லை, பழத்துமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நானே கையால் அழுத்தினேன். சாறு பீய்ச்சி அடித்தது. சந்தனம் வைத்து, சூடம் காட்டி, மஞ்சள் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்தேன். தூக்கி உள்ளே வைத்தபோது அடிவயிற்றிலிருந்து மஞ்சளாகச் சொட்டியது. துணியால் துடைத்துவிட்டு, நல்லதுதான் என்று நினைத்தேன்.

காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு இறங்கினேன். "ரோடு வரைக்கும் காடி ஒன்னக் கொண்டாந்து விடும்," என்றார். அதுவும் பக்கத்திலேயே குடுகுடுவென்று ஓடிவந்தது. பாதித் திடலில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் ரிமோட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டிருந்தார். கோல் கம்பம் வரைக்கும் போன காடி. என் மஞ்சள் தண்ணீர்தான் உள்ளே இறங்கிவிட்டது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது.

ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தது. தோட்டத்து மாடுகள் திடலில் இறங்கும் நேரம், காடியை அப்படியே விட்டால் மிதித்துவிடும். வீட்டுக்கு ஓடிக் கொடுத்துவிட்டு வந்தால் பஸ் போய்விடும். அதைவிட, அந்த வாசலுக்குத் திரும்பிப் போனால் மறுபடி வெளியே வரவே மாட்டேன் என்று பயந்தேன். காடியைத் தூக்கி இடுக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினேன். அவர் கூப்பிட்டது கேட்டது. பஸ் ஏறினேன். காடியைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, ஃபேக்டரி வாசல் வரைக்கும் செத்த பிணம் மாதிரி தூங்கினேன்.

சாயங்காலம் வந்தபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். மடியில் ரிமோட். ஏரியலைக்கூட மடக்கவில்லை. சாப்பிடும்போதும் அதைக் கீழே வைக்கவில்லை என்று அக்கா வேலிப்பக்கம் வந்து சொன்னார். நான் காடியை அவர் காலடியில் வைத்தேன். திட்டினால் திருப்பித் திட்ட எல்லா வார்த்தையும் தயாராக இருந்தது.

"பஸ்ஸு ரெம்பியா கடத்தெரு வழியாத்தான் போச்சா?" என்றார்.

"ம்."

"அந்த எறக்கத்துல டிரைவர் கியரக் கொறச்சானா, சும்மா பிரேக்க மிதிச்சானா?"

"கியரத்தான் கொறச்சாரு."

"பாலத்துக்கிட்ட ரோடு போடுறாங்கன்னு சொன்னாங்களே, முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு போல."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாளைக்குச் சரியாப் பாத்துட்டு வந்து சொல்லு," என்றார்.

அந்த ஃபேக்டரியில் ஆறு வருடம் வேலை செய்தேன். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் எல்லாப் பெண்களும் தூங்குவார்கள். நான் அதற்குப் பிறகு ஒரு நாளும் தூங்கியதில்லை.