மஞ்சள் குளிசை பத்து

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, உடப்பு. பிற்பகல் 2.20க்கு முருகேசுவின் கண்களுக்கு எல்லாம் வெள்ளையாகத் தெரியத் தொடங்கியது.

இது நடந்தது. அவன் மனைவி தவமலர் இதை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட நேரம் மாறவில்லை.

"மலர், வெயிலுக்கு ஆரு பால் ஊத்தினது?" என்று சிரித்தான் முருகேசு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அவனுக்குத் தலையிடி, வாந்தி.

"நேத்து கரையில மீன் வாடியில குடிச்சீங்களா?"

"ஓம். ரெண்டு கிளாஸ். கேனில வந்த கசிப்புச் சாராயம்."

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"போனா பொலிஸ் வரும். வித்தது ஆரெண்டு கேக்கும். அவன்ட வள்ளத்திலதானே நான் தொழில் செய்யிறன்."

முந்தலில் இருக்கும் தங்கை கோபிகாவுக்குத் தவமலர் அழைப்பு எடுத்தாள். கைபேசியில் தேடிப் பார்த்த கோபிகா, கசிப்பு விஷத்துக்குப் போலிக் அசிட் நல்லதாம் என்றாள். அந்தக் குளிசை வீட்டிலேயே இருந்தது. தவமலருக்கு அது மூன்றாம் மாதம். கிளினிக்கில் கொடுத்த சிறிய மஞ்சள் குளிசைகள். பத்தை எண்ணி அவன் வாயில் போட்டாள்.

மணி 2.35.

அவளால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனாள், கட்டிலுக்கு வந்தாள், மறுபடி வாசலுக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் அவன் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள்.

"எத்தினை விரல்?"

"மூண்டு."

அடுத்த தடவை அவன் கையால் அவள் விரல்களைத் தேடினான். பிறகு, "நீ எங்க நிக்கிறாய்?" என்றான்.

3.10. வெளியே ஒரு சத்தம்.

சரக்... சரக்...

யார் வந்தாலும் குரைக்கும் நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்தது.

வேலிக்கு வெளியே ஒருவர் கிடுகு ஓலையைத் தடவியபடி வந்தார். தவமலர் வாசலில் நின்றாள். அவர் தென்னைமரத்தைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி... அந்தக் குளிசை எனக்கும் என்ர மனுசி தந்தவ."

குளிசையைப் பற்றி அவள் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

"ஆரு நீங்க?"

"விடிய விடியத் தந்தவ. அது மட்டும் காணாது. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

அவர் வலது கால் பெருவிரலில் ஒரு வெள்ளைத் துணி நாடா. அதன் முனை மணலில் இழுபட்டது.

சரக்...

உள்ளே முருகேசு கத்தினான். அவள் திரும்பினாள்.

மறுபடி பார்த்தாள்.

யாரும் இல்லை.

மணலில் நாடா இழுபட்ட கோடு மட்டும் இருந்தது.

காலடி இல்லை.

3.14க்கு ஆட்டோவுக்கு அழைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர 4.05.

"டொக்டர், போலிக் அசிட் குடுத்தனான். பிழையா?"

"பிழையில்ல. நாங்களும் குடுப்போம்," என்றார் டாக்டர் மர்ஸூக். "உடம்புல உண்டான விஷத்தைக் கழிக்க அது உதவும். ஆனா விஷம் உண்டாகிறதை நிப்பாட்டாது. அதுக்கு வேற மருந்து, இரத்தம் சுத்திகரிக்கிறது எல்லாம் வேணும். குளிசையை மட்டும் நம்பி இருந்திருந்தா இவர் தப்பமாட்டார். காலையில ஒருத்தர் அப்பிடித்தான் வந்தார்."

ஆஸ்பத்திரி நடைபாதைக் கதிரையில் ஒரு பெண் அழாமல் உட்கார்ந்திருந்தாள். பெயர் அக்னஸ். கணவன் றொபின்சனும் அதே வாடியில், அதே கேனில், முந்தினநாள் மத்தியானம் குடித்தவர். அவளும் கர்ப்பிணி. கிளினிக் குளிசைகளை விடியும்வரை கொடுத்திருக்கிறாள். கைபேசியில் அவர் படத்தைத் தவமலருக்குக் காட்டினாள்.

வேலியைத் தடவியவர்.

றொபின்சன் இறந்தது முற்பகல் 11.40க்கு.

பிரேத அறைக்கு அனுப்பும்போது இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து நாடாவால் கட்டியிருந்தார்கள். மறுநாள் உடலை அக்னஸிடம் ஒப்படைத்தபோது நாடா வலது விரலில் மட்டும் இருந்தது. அதன் முனையில் மணல் ஒட்டியிருந்தது.

முருகேசு விற்றவனின் பெயரைப் பொலிஸிடம் சொன்னான். ஒன்பதாம் நாள் வீடு திரும்பினான். இடக்கண் தெரியாது.