உதாரணத்துக்கு ஒருத்தி

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், போய் வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்று அனுப்பியிருப்பேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். நான் ஜன்னலைத் திறந்தால் அவர் சாத்துவார். நான் சாத்தினால் புழுக்கம் என்பார். என் கணவருக்கு அக்கா, கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர், எங்கள் மாடி அறையில் குடியிருப்பவர். வாய் நிறைய "அண்ணி" என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் கூப்பிட்டது வேறு, அது இங்கே எதற்கு.

அவருக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் வேலை. வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் ஆண்டுதோறும் மாணவர் நடத்தை விதிகள் என்று ஒரு புத்தகம் அச்சாகிப் போகும். எது குறும்பு, எது குற்றம், எதற்குக் கண்டிப்பு, எதற்கு இடைநீக்கம் என்றெல்லாம் அதில் இருக்கும். பிள்ளையும் பெற்றோரும் வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லா வீட்டிலும் வாசிக்காமல்தான் போடுவார்கள். அதிலுள்ள வரையறைகளைக் காலத்துக்கு ஏற்றபடி திருத்துவது அண்ணியின் பொறுப்பு. கேலி எந்த இடத்தில் துன்புறுத்தல் ஆகிறது என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார். அலுவலகத்தில் அவருக்கு 'அரைப்புள்ளி' என்று பட்டப்பெயர். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோரும் எழுந்திருக்கும்போது, அரைப்புள்ளி போட்டு இன்னொரு வரி சேர்ப்பாராம். வீட்டுச் சண்டையிலும் அதே வழக்கம்தான்.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு வரையறைக்குக் கீழேயும் ஓர் உதாரணம் இருந்தே ஆக வேண்டும். உண்மையில் நடந்ததை எழுதக் கூடாது. முன்பு ஒரு தகப்பன் தன் பையனை அடையாளம் கண்டுகொண்டு வந்து மேசையைக் குத்திவிட்டுப் போனானாம். அதனால் உதாரணங்களை அண்ணி கற்பனையாகத்தான் எழுதுவார். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் மனதில் ஒரு பிள்ளையை உட்கார வைப்பார்: தலை எப்படிச் சீவியிருக்கிறது, எந்த பெஞ்சு, கையில் என்ன. ஆள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் எழுத்து வரும் என்பார். எழுதி முடித்தபின் அந்த அடையாளங்களையெல்லாம் எடுத்துவிட்டு அச்சுக்குக் கொடுப்பார்.

ஓர் ஆண்டு, 'பிறர் பொருளை மறைத்தல்' என்பதற்கு, வகுப்பிலுள்ள எல்லோருடைய இடதுகால் செருப்பையும் கூரைமேல் வரிசையாக அடுக்குவது என்று எழுதினார். புத்தகம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையில் இடதுகால் செருப்புகள் வரிசையாக இருந்தன. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "நீங்களே சொல்லிக்கொடுத்துட்டீங்க அண்ணி" என்றேன். புத்தகத்தை வாசித்த ஒரே பையன் அவன்தான் போலிருக்கிறது என்று என் கணவர் சொன்னார்.

மறு ஆண்டு 'வகுப்புக்கு இடையூறு' என்பதற்கு, வகுப்பு முழுவதும் வாயைத் திறக்காமல் ஒரே சுருதியில் முனகுவது, ஆசிரியர் நிறுத்தச் சொன்னால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு முனகுவது என்று எழுதினார். அதுவும் நடந்தது. ஆனால் முனகியது ஒன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளைகள். அண்ணி நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தார். மணி அடித்ததும் நிறுத்திவிட்டார்களாம், ஏன் செய்தீர்கள் என்று கேட்டால் என்ன செய்தோம் என்று திருப்பிக் கேட்டார்களாம். அன்றைக்கு நான் என்ன சொன்னாலும் அண்ணி சண்டைக்கு வரவில்லை.

அப்போதே அவர் அந்த வேலையை உதறியிருக்கலாம். கேட்டதற்கு, "நான் எழுதலைன்னா வேற யாராவது எழுதுவாங்க. அவங்களுக்கு இது தெரியாது. நான்னா சின்னச் சின்னதா எழுதி வைப்பேன்" என்றார். அப்படித்தான் செய்தும் வந்தார். பேனா கடித்தல், மேசையில் கிறுக்குதல் என்று தீங்கில்லாத உதாரணங்களாக இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடின.

பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. 'ஒதுக்குதல்' என்று புதிதாக ஒரு வரையறை சேர்க்க வேண்டும். பலர் சேர்ந்துகொண்டு ஒருவரை இல்லாதவர்போல நடத்துவது. அவசரம், உடனே வேண்டும். அண்ணி காலைப் பலகாரத்தின்போது தாளை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். எதிரே என் மகள் உட்கார்ந்து, பின்னல் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, மூடி தொலைந்துபோன பச்சைத் தண்ணீர் பாட்டிலிலிருந்து குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. அந்த ஆண்டு அவசரத்தில் அண்ணி அடையாளங்களை எடுக்க மறந்துவிட்டார்.

புத்தகம் வந்தது. நானும் வழக்கம்போல வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் வேன்காரர் அவளை விட்டுவிட்டுப் போனார். வாசலில்தான் நின்றிருந்தாள். போனில் கூப்பிட்டுக் கிழி கிழி என்று கிழித்தேன். "வாசல்ல யாருமே இல்லீங்களே, ஹாரன் அடிச்சுப் பார்த்துட்டுதானே போனேன்" என்றார். பொய் சொல்லும் குரல் இல்லை அது. அடுத்து அவளுடைய உயிர்த்தோழி. கடைத்தெருவில் எதிரே வந்தவள், என்னைப் பார்த்துச் சிரித்து, "அவ ஏன் ஆன்ட்டி ஸ்கூலுக்கே வர்றதில்ல?" என்று கேட்டாள். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வகுப்பாசிரியை வருகைப் பதிவைக் காட்டினார். வாரம் முழுக்க வரவில்லை என்று இருந்தது. "நான் தினமும் 'உள்ளேன்'னு சொன்னேன் மிஸ்" என்றாள் மகள். ஆசிரியை அவள் நின்ற திசையில் திரும்பினார். ஜன்னல் திரையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். பிறகு என்னிடம், "பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கனிவாகக் கேட்டார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

வீட்டிலும் தொடங்கியது. அவள் படித்துக்கொண்டிருக்கும் அறையில் என் கணவர் விளக்கை அணைத்துவிட்டு வந்தார். கேட்டால், "ஆளில்லாத ரூம்ல எதுக்கு லைட்?" என்றார். அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். மறுநாள் நான் கதவைப் பூட்டிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனேன். மூன்று பேருக்கு எவ்வளவு போதும் என்று கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டு பாதி வழி திரும்பி வந்தபிறகுதான், வீட்டில் நான்கு பேர் என்பது உறைத்தது. பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடினேன். உள்ளே கதவோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். "நீயும் ஆரம்பிச்சுட்டியாம்மா?" என்று கேட்டாள். பெற்ற வயிறு பற்றி எரிவது என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அண்ணி அலுவலகத்திலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, என்னிடம் நீட்டினார். ஏழாம் வகுப்பு மாணவி. ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சு. பின்னல், பச்சைப் பாட்டில். அவள் பேசினால் யாரும் திரும்புவதில்லை; பெயர் கூப்பிடும்போது அவள் சொல்லும் பதில் யார் காதிலும் விழுவதில்லை; நாளடைவில், அவள்மீது அன்பு வைத்தவர்களும் அவளை எண்ணிக்கையில் சேர்க்க மறக்கிறார்கள்.

"கடைசி வரி எதுக்கு எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"ஒதுக்குதல்னா எவ்வளவு கொடுமைன்னு படிக்கறவங்களுக்கு உறைக்கணும்னு" என்றார். "நல்லதுக்குன்னு நெனச்சுதான்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. அடிக்கக் கை ஓங்கினேன். அவர் விலகவில்லை.

மறுநாள் காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு அவருடன் அலுவலகம் போனேன். மேலாளர் நல்ல மனிதர்தான், எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுபவர். "மேலிடத்து உத்தரவு, வரையறையை எடுக்க முடியாது. உதாரணம் இல்லாமலும் விட முடியாது. வேற ஒண்ணு எழுதிக் கொடுங்க, இன்னைக்கே திருத்தச் சீட்டு அடிச்சு எல்லாப் பள்ளிக்கும் அனுப்பி ஒட்டச் சொல்லிடலாம். இதுல என்ன இருக்கு?" என்றார்.

மகளை நடைபாதை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, அண்ணியின் மேசைக்குப் போனோம்.

"வேற ஒரு பிள்ளையை எழுதுங்க அண்ணி" என்றேன். ஆமாம், சொன்னேன். பெற்றவள் வேறு என்ன சொல்வாள்.

"எந்தப் பிள்ளையை?"

"யாரையாவது."

"யாரையாவதுன்னா, அதையும் ஒருத்தி பெத்திருப்பா."

"அடையாளம் இல்லாம, பொதுவா 'ஒரு மாணவி'ன்னு போடுங்க."

"அப்ப யார் தலையில விழும்னு நமக்கே தெரியாது" என்றார்.

நூல் சுற்றிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு தட்ட ஆரம்பித்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். வரையறையில் 'ஒருவரை' என்றுதானே இருக்கிறது, மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டார். பணியாளர் ஒருவர். ஐம்பதை நெருங்கியவர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருபவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருக்கும். ஆளை மட்டும் மாற்றினார், மற்ற வரிகளைத் தொடவில்லை.

நூலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் கதவு திறந்திருந்தது. வெளியே ஒரு ஆள் தன் பையை வைக்க இடம் தேடி, என் மகள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே, அவள் மடிமேலேயே வைக்கப் போனார். அவள் சத்தம் போடவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தாள். பழகிவிட்டிருந்தாள். நான் பிடிக்கவில்லை.

"என்ன பேய் முழி முழிக்கற?" என்றார் அண்ணி, திரும்பாமல். "பிள்ளையைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ. சாப்பிட வச்சு, தூங்க வை."

சீட்டு ஒட்டிய வாரத்திலேயே வேன் எங்கள் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. தோழி வீட்டுக்கே வந்து, "எங்கடி போயிருந்த இத்தனை நாள்?" என்று சண்டை பிடித்தாள். என் கணவர் மகளுக்குப் புதுப் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தார், எதுவுமே நடக்காததுபோல. நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுது தீர்த்தேன்.

அண்ணிக்கு மெதுவாகத்தான் வந்தது. பெரியவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் கண்ணில் படாதவர்கள்தானே, அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டீக்கடைப் பையன் அவர் மேசையை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு டீ வைத்தான். பிறகு அவர் நாற்காலியில் கோப்புக்கட்டுகளை அடுக்கினார்கள். அவர் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கொஞ்ச நாள் வேலை பார்த்தார். பிறகு போவதை நிறுத்திவிட்டார். யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டுப் புத்தகம் திருத்தும் நேரம் பார்த்து நான் மேலாளரிடம் போய் நின்றேன். "அரைப்புள்ளியா, யாரும்மா அது? அந்த இடம் ரொம்ப நாளா காலியாதானே கிடந்துச்சு" என்றார். அங்கே இப்போது புதிதாக ஓர் இளைஞன் உட்கார்ந்து பழையதை அப்படியே நகலெடுத்துக்கொண்டிருந்தான். உதாரணத்தை மாற்ற வேண்டும் என்றேன். "தாராளமா. எழுதிக் கொடுங்க" என்று தாளும் பேனாவும் கொடுத்தார் மேலாளர். அவருடைய வழுக்கையையும் சட்டைப்பையில் இருந்த இரண்டு பேனாக்களையும் பார்த்தேன். ஒரு வரி போதும். கை துறுதுறுத்தது. என்னோடு கூட வந்திருந்த அண்ணி காதோரம், "அவருக்கு ரெண்டு பசங்க இருக்கு. பேனாவை வச்சுட்டு வா" என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

போன மாதம் என் கணவர், "மாடி சும்மாதானே கிடக்கு, வாடகைக்கு விடலாமா?" என்றார். தூக்கி வளர்த்த அக்கா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த கரண்டியைக் கணவர் காலடியில் விட்டெறிந்தேன். அண்ணி மட்டும், "அவன்மேல ஏன் கோபப்படற? அவனுக்கு எப்படித் தெரியும்" என்றார்.

நான் கண்டுபிடித்த வழி ஒன்றுதான். சண்டை. தினமும் காலையில் எதையாவது இழுத்து அண்ணியோடு மல்லுக்கு நிற்பேன். அன்பு வைத்தவர்கள் மறந்துவிடுவார்கள் என்றுதானே அவர் எழுதினார், என்னைப்போல ஏட்டிக்குப் போட்டி நிற்பவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லையே. எதிரே ஆளில்லாமல் யார் சண்டை போட முடியும்? அவரும் விட்டுக்கொடுக்காமல் பதிலுக்குப் பதில் பேசுவார். என் மகள் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பாள்.

இன்று காலை, ஜன்னலைச் சாத்திவிட்டு அவர் நாற்காலியைப் பார்த்து ஒரு பாட்டம் பேசி முடித்தேன். "என்ன, வாயடைச்சுப் போச்சா அண்ணி? ஒரு வாரமா பதிலே காணோமே" என்று கேட்டேன்.

மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தை பேசிட்டுதாம்மா இருக்காங்க" என்றாள். "மாடியில பல்பு போயிடுச்சாம். ஒரு வாரமா இருட்டுல இருக்காங்களாம். உன்கிட்ட சொல்லிட்டே இருக்காங்க."