எண்ணெய் முதுகோடு கிளிநொச்சிக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு பேர் தூக்கும் படகு இஞ்சினைத் தனியாகத் தூக்கிக் காட்டுகிறேன் என்று முல்லைத்தீவுக் கரையில் வாய் விட்டவன் நான்தான். வயது ஐம்பத்திரண்டு. இஞ்சின் கொஞ்சம் எழும்பியது, நான் எழும்பவில்லை.

நாலாம் நாள், சனிக்கிழமை காலை 5.40க்கு, பிடித்துப்போன முதுகைக் காட்ட, நானும் மனைவி றோசும் கிளிநொச்சி பஸ் ஏறினோம். ஐம்பத்தேழு கிலோமீற்றர்.

"அண்ணை, இடம் கிடக்குது. ஏன் தூண் மாதிரி நிக்கிறியள்?" என்றார் நடத்துநர்.

"இருந்தா எழும்ப மாட்டன், தம்பி."

புதுக்குடியிருப்பு தாண்டியதும் இடது கால் விறைத்தது. ஒப்பரேசன் என்றால் இந்தச் சோளகக் காற்று மீன்பிடிக் காலம் முழுக்கப் படகு கரையில்தான். அந்தப் பயத்தை மறைக்கத்தான் வழிநெடுகப் பகிடி விட்டுக்கொண்டு போனேன்.

8.10. டொக்டர் வீட்டு முன்னறைதான் சிகிச்சை அறை. வெளிநாட்டில் கைரோபிராக்டிக் படித்து வந்த டொக்டர் அம்மா, என் தோளளவு உயரம். முதுகெலும்பின் மூட்டுகளைக் கையால் அழுத்திச் சீர்செய்யும் முறை அது. மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. இந்தச் சின்னக் கையாலா என்று நினைத்தேன்.

"முதல்ல சோதிப்பம். காலில பலம் குறைஞ்சிருந்தா நான் தொடமாட்டன். நேரே ஆஸ்பத்திரிதான்."

முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் பெருவிரலை அமத்தி, தள்ளச் சொன்னார். தள்ளினேன். பிறகு கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தார்.

"நரம்புக்குப் பெரிசா ஒண்டுமில்லை. ஒப்பரேசன் தேவைப்படாது."

கண் கலங்கியது. குப்புறக் கிடந்ததால் ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் டொக்டரின் கை முதுகில் நில்லாமல் வழுக்கியது.

"என்ன ஐயா பூசினியள்?"

"ஊர்ப் பரியாரியாற்றை வைத்திய எண்ணெய். எலும்பு காட்டப் போறதெண்டா பூசிக்கொண்டுதானே போறது?"

"நாலு நாளாப் பூசுறார், டொக்டர்," என்றாள் றோஸ். "இனிப் பொரிக்கிறதுதான் மிச்சம்."

இரண்டு துவாய் நனையத் துடைத்தார்கள். பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒரே அழுத்து. 'டக்'!

"மாதாவே!"

"எலும்பு உடையேல்லை ஐயா. மூட்டுக்குள்ள இருந்த காத்துத்தான்."

வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் என் செருப்பை நானே குனிந்து மாட்டினேன். கட்டணம் மூவாயிரம் ரூபா. இரண்டு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்பது கட்டளை.

12.20 பஸ்ஸில் ராசா மாதிரி இருந்துகொண்டு வந்தேன். பரந்தனில் ஒரு அம்மா இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையோடு படியில் திண்டாடினார். என்னை அறியாமலே பாதி எழும்பிவிட்டேன்.

"பாவம், ஒரு கை குடுப்பம்," என்றேன்.

றோஸ் ஜன்னலிலிருந்து முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"இருங்கோ."