காதுக்காரர் "அசல்" என்று சொன்ன வண்டி

காதுக்காரர் என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டியவர் அவருடைய பெரியப்பா மகன், லாரிகளுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தவர். அந்த அண்ணன் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது. பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. எங்காவது பழைய கார் விலைக்கு வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், வாங்க நினைக்கிறவர்கள் வண்டியைப் பார்க்கும் முன்பே இவர் வாசலில் வந்து நிற்பார்கள்.

ஐம்பது அறுபது வருஷத்து வண்டி, ஏதாவது ஒரு கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே தூசி தின்றுகொண்டு கிடக்கும். இவர் போய் நடுவிரலை மடக்கி, மட்கார்டில் ஆரம்பித்து, கதவு, கதவுக்குக் கீழ்ப்பட்டை, அடியில் வண்டியைத் தாங்குகிற சட்டம் என்று ஒரு சாண் விடாமல் தட்டிக்கொண்டே வருவார். நல்ல தகரம் 'ணங்' என்று பேசும். துரு தின்ற ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் பூசியிருந்தால் 'பொத்' என்று ஊமைச் சத்தம் வரும். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாலும் மறைக்கலாம், பட்டியை இந்த மனுஷன்கிட்ட மறைக்க முடியாதுப்பா" என்று தரகர்களே தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர் "அசல்" என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் யாரும் அந்த வண்டியைத் தட்டிப் பார்ப்பதில்லை. மெக்கானிக் தட்ட மாட்டார், பெயிண்டரும் தட்ட மாட்டார். தட்டினால் அவரை அவமதித்த மாதிரி. தொழிலில் அப்படி ஒரு மரியாதை.

அந்தக் காது போன மழைக்காலத்தில் கெட்டது. முதலில் உள்ளே ஒரு வண்டு ரீங்காரம் போட்டது. பிறகு வலது காது அடைத்தே போனது. இடது காதில் பாதிதான் மிச்சம். யாரிடமும் மூச்சு விடவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாத மனிதருக்கு இருந்த ஒரே சொத்து அது. போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? தட்டும்போது விற்கிறவன் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளப் பழகினார். பட்டி இருக்கும் இடத்தில் விரல் பட்டால் கள்ளனுடைய கண் தானாகச் சிமிட்டும். அந்த நம்பிக்கையில் காலம் ஓடியது.

அப்போதுதான் தங்கை வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். உருண்டை விளக்கு வைத்த பழைய நீலக் கார் ஒன்றைத் தானே சரிபண்ணி ஓட்ட வேண்டும் என்பது அவருடைய இளவயது ஆசை. தாயில்லாமல் நின்ற எட்டு வயதுத் தங்கைக்குத் தலை வாரிவிட்டு வளர்த்தவர் காதுக்காரர். அந்தத் தங்கையின் புருஷன் கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிட முடியுமா?

வண்டி ஒரு டாக்டருடைய மனைவி வீட்டுக் கொட்டகையில் இருந்தது. டாக்டர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. காதுக்காரர் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தார். அது பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

"என்ன மச்சான், வாயில கொழுக்கட்டையா?" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

"அசல் தகரம். கண்ண மூடிக்கிட்டு எடுங்க மாப்பிள்ளை."

அந்த அம்மாளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. தெரியாதவள் முகம் எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

எட்டு மாதம் கழித்து, வண்டி தயாரான பிறகு, ஒரு காலையில் அதற்குப் பெயிண்ட் அடித்தவர் இவர் வீட்டுக்கு வந்தார். ஆயுசு முழுக்கக் கம்ப்ரசர் இரைச்சலில் கிடந்தவர், அவர் சாதாரணமாகப் பேசுவதே சண்டை மாதிரி இருக்கும். அதனால் காதுக்காரருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"தங்கச்சி வீட்ல மலை ஏறிட்டாங்களாமே! வண்டி சும்மா கண்ணாடி மாதிரி இருக்குண்ணே. ஒண்ணே ஒண்ணு, பெயிண்ட் அடிக்கிறப்ப, டிரைவர் பக்கம், முன் சக்கரம் மாட்டுற சட்டத்துல திருகாணி போடுற காந்தத் தட்டை ஒட்டினேன். நிக்கல, கீழ விழுந்துச்சு. இரும்புல காந்தம் ஏன் நிக்கல?"

"அப்பவே ஏண்டா சொல்லல?"

"நீங்க அசல்னு சொன்ன வண்டிண்ணே. அதுல நான் வாயத் திறந்தா நல்லாவா இருக்கும்?"

காந்தம் நிற்கவில்லை என்றால் அங்கே இருப்பது இரும்பு இல்லை, பட்டி. அந்தச் சட்டம்தான் முன் சக்கரத்தைப் பிடித்திருப்பது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு மொத்தப் பாரமும் அதன் மேல்தான் இறங்கும். அது விட்டுக்கொடுத்தால் சக்கரம் உள்ளே மடங்கும். அப்புறம் பள்ளம்தான்.

பெயிண்டர் தங்கை வீட்டுக்காரருக்குப் போனைப் போட்டு, காதுக்காரர் கையில் கொடுத்தார். காதில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் இல்லை.

"எடுத்துட்டாங்க, பேசுங்களேன்!" என்று மனைவி பிடுங்கிக்கொண்டாள். அதற்குள் தங்கையின் பேத்திக்குழந்தை, "ஹலோ, ஹலோ, யாரு? நாங்க மலைல இருக்கோம்!" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அதன் பிறகு லைன் கிடைக்கவே இல்லை.

"எனக்குக் கேக்கல" என்றார் அவர்.

"தெரியும். பால்காரர் கதவ உடைக்கிற மாதிரி தட்டுறார், நீங்க விட்டத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். அது என் தப்பு. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

பெயிண்டருடைய வேனில் மூன்று பேரும் ஏறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் காதுக்காரர் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். நீலமாக எது தெரிந்தாலும் வேனை நிறுத்தச் சொன்னார். ஒரு வளைவில் சுவர் இடிந்து கிடந்தது. "அது பழைய இடிசல்ண்ணே, பாசி புடிச்சிருக்கு பாருங்க" என்று பெயிண்டர் சொன்ன பிறகுதான் அதிலிருந்து கண்ணை எடுத்தார்.

ஏழாவது வளைவில் கார் நின்றிருந்தது. பானெட் திறந்திருந்தது, ரேடியேட்டரிலிருந்து ஆவி வந்தது. பேத்திகள் இரண்டும் சுவரோரம் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன.

"தண்ணி கொதிச்சிருச்சு மச்சான். அதுக்குள்ள எப்படி மோப்பம் புடிச்சீங்க?" என்று சிரித்தார் தங்கை வீட்டுக்காரர்.

காதுக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். சட்டத்தில் வைத்து அழுத்தினார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி கைப்பிடி வரை இறங்கியது. திருப்பினார். பட்டியும், துணியும், காய்ந்த காகிதமும், ஒரு கை துருவும் முகத்தில் கொட்டின. சட்டத்தில் இரும்பு என்று மிச்சம் இருந்தது ஒரு விரல் அகலம். அதிலும் விரிசல்.

அங்கேயே படுத்துக்கொண்டு சொன்னார்: "போன மழைலயே எனக்குக் காது போச்சு மாப்பிள்ளை. அந்தக் கொட்டகைலயே கேக்கல. கேட்ட மாதிரி நடிச்சேன்."

தங்கை வீட்டுக்காரர் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து பள்ளத்தைப் பார்த்தார். பேத்திகளைக் கூப்பிட்டு மலைப்பக்கமாக நிறுத்தினார்.

"ரெண்டையும் முன் சீட்டுல உக்கார வச்சிருந்தேன் மச்சான்" என்றார்.

தங்கை அழவில்லை. அண்ணன் எழுந்து வெளியே வரும் வரை நின்றாள். முகத்துக்கு நேரே வந்து, அவருக்குக் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டாள்:

"மழைக்கப்புறம் இன்னும் எத்தன வண்டிக்கு அசல்னு சொன்னே?"

துரு படிந்த விரல்களை மடக்கினார். துணிக்கடைக்காரர். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவருடைய சகலை. பல் டாக்டர். மூன்று பேர். மூன்று வண்டிக்கும் பெயிண்ட் அடித்தவர் இதே பெயிண்டர்தான். எண்கள் அவர் போனில் இருந்தன. சுவர் மேல் ஏறி நின்றால் லைன் கிடைத்தது. மனைவி ஏறி நின்றாள்.

துணிக்கடைக்காரர் எடுத்தார். இன்று மாலை எடுப்பதாக இருந்ததாம்; சாவியை உள்ளே வைத்துவிட்டார். சகலையின் வண்டி இன்னும் சக்கரமே மாட்டாமல் செங்கல் மேல் நின்றது.

மூன்றாவது எண்ணைப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்த மணி காதுக்காரருக்குக் கேட்கவில்லை. கீழே நின்று, மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.